ஒரு புள்ளிக்காக மொனாஸ்டிர் வரை

வெள்ளி, முதல் நாள்

துனிசியாவின் தலைநகர் துனிஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்கள் பெரிய பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணிகளுக்கு நடுவே ஒரு இரும்புத் தட்டு, ஒரு நீளக் கம்பி, கம்பியின் முனையில் கனமான குண்டு. என்னவென்று அவருக்குப் புரியவில்லை. என் அக்கா மகன் தோள்பையிலிருந்து டென்னிஸ் ராக்கெட்டை உருவி, நரம்பைத் தட்டிக் காட்டி, அந்த நரம்பு கட்டும் மிஷினையும் காட்டினான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓன்ஸ்!" என்று சொல்லிப் பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

ஓன்ஸ் ஜாபர் பிறந்த க்ஸார் ஹெலால், நாங்கள் போகிற மொனாஸ்டிர் மாகாணத்தில்தான் இருக்கிறது. 2022, 2023 இரண்டு வருடமும் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை வந்தவர். இங்கே அவரை 'மகிழ்ச்சி அமைச்சர்' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

துனிஸிலிருந்து மொனாஸ்டிர் நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். 'லுவாஜ்' என்று ஒரு வேன், வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு. எட்டுப் பேர் நிறைந்தால்தான் கிளம்பும், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. நாங்கள் ஏறியபோது மூன்று பேர் குறைவு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் ஆலிவ் தோப்பு.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு இருபது வயது. டென்னிஸ் போட்டிகளுக்கு வெளிநாடு போகும்போது பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போக வசதி இல்லை. அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து இந்த மே மாதம் ஓய்வு பெற்றவன். "தம்பி, நீ போய்ட்டு வா" என்றாள் அக்கா. மூன்று வாரத்துக்கு இருவருக்கும் சேர்த்து நாலரை லட்சம். அதில் பாதி அவள் வளையல்.

சனி, இரண்டாம் நாள்

வரிசையாக விடுதிகள், அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் விமான நிலையம். தலைக்கு மேலேயே விமானம் இறங்குகிறது. விடுதி வளாகத்துக்குள்ளேயே டென்னிஸ் கோர்ட்டுகள். ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள் குறைந்துபோகும் மாதங்களில் அறைகளை நிரப்புவது ஆட்டக்காரர்கள்தான். வருடத்தில் அநேகமாக எல்லா வாரமும் இங்கே ஒரு போட்டி நடக்கிறது. ஆண்களுக்கு எம்15, பெண்களுக்கு டபிள்யூ15. எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், துருக்கியின் அண்டால்யா எல்லாம் இதே கதைதான். இந்தியாவில் இந்த மாதிரிப் போட்டி வருடத்தில் சில வாரங்கள்தான். இங்கே வந்தால் ஒரு விமானச் செலவில் மூன்று வாரம், மூன்று போட்டி. அதனால்தான் இவ்வளவு தூரம்.

எம்15 என்றால் மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், 15 ஏடிபி புள்ளி, அதாவது ஆண்கள் தரவரிசைக்கான புள்ளி. முதன்மைச் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 156 டாலர், புள்ளி கிடையாது. அந்த முதல் ஆட்டத்தை வென்றால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி இருந்தால்தான் உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயரே வரும். அதுவும் 52 வாரம்தான் நிற்கும், அப்புறம் உதிர்ந்துவிடும்.

எங்கள் பையனுக்கு இன்னும் அந்த ஒன்று இல்லை. அதனால் முதலில் தகுதிச் சுற்று. அதில் மூன்று ஆட்டம் வென்று, முதன்மைச் சுற்றில் ஒன்று வென்றால்தான் கணக்குத் திறக்கும். தகுதிச் சுற்றில் எத்தனை வென்றாலும் காசும் இல்லை, புள்ளியும் இல்லை. இதற்கு முன் நாலு போட்டிகளில் ஆடிவிட்டான். நாலிலும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை.

ராத்திரி நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பட்டமே வென்றாலும் சுமார் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். எங்கள் செலவில் பாதியைக்கூடத் தொடாது. 2023 செப்டம்பரில் சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. ஒற்றையரில் அப்போது இந்தியாவின் முதல் ஆட்டக்காரர் அவர். ஒரே ஒரு பயிற்சியாளரோடு வருடம் முழுக்கப் பயணம் போனாலே எண்பது லட்சம் முதல் ஒரு கோடி வரை ஆகும் என்றும் சொல்லியிருந்தார். அடுத்த ஐந்தே மாதத்தில் நம் நுங்கம்பாக்கத்தில் சாலஞ்சர் என்ற அடுத்த மட்டப் போட்டியின் பட்டம் வென்று முதல் நூறு பேருக்குள் போனார். அந்த இறுதி ஆட்டத்தை அக்கா வீட்டு ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பையன் மட்டும் உட்காரவே இல்லை.

சாயங்காலம் பட்டியல் வந்தது. பையன் பெயர் காத்திருப்பில் ஆறாவது. யாராவது வராமல் போனால் இடம் கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நிற்கும் சனங்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை எங்கள் பையனிடம் இன்றுதான் பார்த்தேன். எட்டு மணிக்கு இடம் உறுதியானது. அக்காவுக்கு அவனே போன் பண்ணிச் சொன்னான்.

ஞாயிறு, மூன்றாம் நாள்

வென்றான். 6-4, 7-5. எதிரே ஒரு ஜெர்மன் பையன், பதினேழு வயதுதான் இருக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கடலிலிருந்து குறுக்கே அடிக்கிறது. சர்வ் போட மேலே எறிந்த பந்து தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. முதல் நாலு கேம் இரண்டு பேரும் பந்தை எறிவதும் பிடிப்பதும் மறுபடி எறிவதுமாக இருந்தார்கள்.

இவர்களின் ஆட்டத்தில் உயர நாற்காலியில் நடுவர் இல்லை. ஒருவர் நாலைந்து கோர்ட்டுக்கும் சேர்த்து நடந்துகொண்டே இருக்கிறார். அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே சொல்ல வேண்டும். இரண்டாவது செட்டில் 3-3, முப்பதுக்கு நாற்பது. ஜெர்மன் பையன் அடித்த பந்து நம் பையன் காலடியில், கோட்டின் மேலேயா வெளியேயா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒரு நொடி குனிந்து பார்த்தான். உள்ளே என்று கை காட்டிவிட்டு மறுமுனைக்கு நடந்தான். கேம் போனது. அதற்கப்புறம் ஒரு கேம்கூட விடவில்லை என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டித்தான் வாங்கினான். ஆனால் அந்த இரண்டு எட்டு நடை எனக்கு ராத்திரி வரை கண்ணிலேயே நின்றது.

திங்கள், நாலாம் நாள்

தோற்றான். 6-4, 6-7, 8-10. தகுதிச் சுற்றில் மூன்றாவது செட் கிடையாது, பத்துப் புள்ளி டை பிரேக்தான். 8-8 வரை வந்தது. ஒரு பேக்ஹேண்ட் நெட்டில் பட்டு நம் பக்கமே விழுந்தது. அடுத்ததை அவன் எட்டியும் தொட முடியவில்லை.

அடுத்த தகுதிச் சுற்று வரும் ஞாயிறு. ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டும். அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தோற்ற வலியைவிட இந்த ஐந்து நாள்தான் இவர்களைத் தின்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய், ஐந்தாம் நாள்

இன்று முழுக்க மிஷின் வேலை.

ராக்கெட்டின் நரம்பு இப்போதெல்லாம் பாலியஸ்டர். சில மணி நேரம் வேகமாக அடித்தாலே முறுக்கு தளர்ந்துவிடுகிறது. நரம்பு அறுந்துபோகாவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மாற்ற வேண்டியிருக்கிறது. வெளியே கொடுத்து மாற்றினால் ஒவ்வொரு தடவையும் காசு. அதனால்தான் இந்தச் சின்ன மிஷினைச் சுமந்து வந்தோம். ஓய்வு பெற்றதும் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை இதுதான்.

ராக்கெட்டைத் தட்டின் மேல் படுக்க வைத்து, தலையிலும் கழுத்திலும் பிடி போட வேண்டும். நெடுக்காகப் பதினாறு, குறுக்காகப் பத்தொன்பது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போனால் சட்டம் கோணிவிடும். நரம்பை மிஷினின் பல்லில் கடிக்கக் கொடுத்து, கம்பியைக் கீழே விட்டால் குண்டின் எடையில் நரம்பு இழுபடும். கம்பி மட்டமாக நின்றால்தான் ஐம்பது பவுண்டு சரியாக இருக்கும். சாய்ந்து நின்றால் கம்பியைத் தூக்கி, நரம்பை இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி விட வேண்டும். நான் பணிமனையில் வைத்திருந்த சின்ன ரசமட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். கம்பி மேல் வைத்துப் பார்த்துக்கொள்வேன். அப்புறம் கவ்வியால் பிடித்து அடுத்த நரம்பு.

எங்கள் பாட்டி வீடு உறையூரில் தறிக்காரர்கள் தெருவில் இருந்தது. பாவு, ஊடை என்ற சொல்லெல்லாம் காதில் விழுந்தே வளர்ந்தவன் நான். நெடுக்கைப் பாவு என்றும் குறுக்கை ஊடை என்றும் நான் சொல்லச் சொல்ல, பையனும் இப்போது அப்படியே சொல்கிறான். ஊடையை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோர்த்துக்கொண்டே போகும்போது விரல் நுனி எரியும். ஒரு ராக்கெட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் நரம்பு, எனக்கு ஐம்பது நிமிஷம்.

கதவு திறந்திருந்தது. பக்கத்து அறை மொராக்கோ பையன் எட்டிப் பார்த்தான். அரை மணி கழித்து ஒரு ராக்கெட்டோடும் ஒரு சுருள் நரம்போடும் வந்தான். சாயங்காலத்துக்குள் போலந்துப் பையன் ஒருவன். காசு கொடுத்தார்கள், வாங்கவில்லை. பதிலுக்கு என் மருமகனோடு ஆளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி ஆடச் சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

புதன், ஆறாம் நாள்

காலையில் மொராக்கோ பையனோடு, மதியம் போலந்துப் பையனோடு. கோர்ட் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது.

மகாராஷ்டிராவிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அந்த அம்மா அறையில் சின்ன குக்கரில் பருப்பும் சாதமும் வைத்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பதினோரு வாரமாக ஊருக்குப் போகவில்லையாம். மகள் நேற்று முதன்மைச் சுற்றில் வென்றாள் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

வியாழன், ஏழாம் நாள்

பயிற்சி முடிந்து பையனை வற்புறுத்தி ஊருக்குள் கூட்டிப் போனேன். ரயிலில். சூஸ், மொனாஸ்டிர், மஹ்தியா ஊர்களை இணைக்கிற சாஹெல் மெட்ரோ. தண்டவாளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மீட்டர் கேஜ்! மேலே மின்கம்பி, கீழே மீட்டர் கேஜ். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் திருச்சியைச் சுற்றி ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ்தான். ஒவ்வொன்றாக அகலப்பாதையாக மாறிப் போனதைக் கண்ணால் பார்த்தவன். இங்கே அதே அகலத்தில் பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பையன் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றான்.

கடலோரத்தில் ரிபாத் என்ற கோட்டை, 796-இல் கட்டத் தொடங்கியது. உச்சிக் கோபுரத்துக்கு ஏறினோம். அங்கே உட்கார்ந்துதான் அவன் வாயைத் திறந்தான்.

"மாமா, அம்மா அமெரிக்கா காலேஜ் பத்திச் சொன்னாங்களா?"

சொல்லியிருந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் உதவித்தொகையில் படித்துக்கொண்டே ஆடலாம். மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ் அந்த வழியில் போனவர்தான். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பையில் முதல் முறையாக இந்தியாவுக்கு இறங்கி, தன்னைவிட நானூறு இடத்துக்கு மேல் முன்னால் இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வீழ்த்தினார். அப்போது அவர் தரவரிசை 626. அந்த ஆட்டத்தைப் பையன் போனில் எத்தனை தடவை பார்த்தான் என்று அக்கா கணக்கு வைத்திருக்கிறாள்.

"போகணும்னா சீக்கிரம் போகணும் மாமா. வயசு ஏற ஏற அங்க ஆடற வருஷம் குறைஞ்சுடும். ஆனா இங்க ஒரு புள்ளிகூட வாங்காம போனா, நான் தப்பிச்சுப் போன மாதிரி இருக்கும்."

"போறதுக்குப் பேரு தப்பிச்சுப் போறது இல்லடா மாப்ளே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தில் பல வருடம் இழந்து, முப்பதை நெருங்கும்போது, 2019-இல், 75-ஆவது இடத்துக்குப் போனதை ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினான். கீழே வந்து லப்லாபி சாப்பிட்டோம். கொண்டைக்கடலைச் சாறு, பிய்த்துப் போட்ட பழைய ரொட்டி, மேலே ஹரிஸா. நம் வற்றல் மிளகாய்த் துவையலுக்குச் சொந்தக்காரன் அந்த ஹரிஸா.

சனி, ஒன்பதாம் நாள்

இந்த வாரம் காத்திருப்பு இல்லை, நேரடியாக இடம். இரண்டு ராக்கெட்டுக்கும் புது நரம்பு.

ஞாயிறு, பத்தாம் நாள்

வென்றான். 6-2, 6-2. காற்று இல்லை.

திங்கள், பதினோராம் நாள்

ஒரே நாளில் இரண்டு ஆட்டம். காலையில் ஒரு சீனப் பையனை 7-5, 6-4. மதியம் அதே போலந்துப் பையன், நான் நரம்பு கட்டிக் கொடுத்தவன். 3-6, 6-4, 10-6. கைகுலுக்கும்போது அவன் என்னையும் தேடி வந்து கைகொடுத்தான். அந்தப் பையனுக்கும் இது ஐந்தாவதோ ஆறாவதோ தோல்வி.

முதன்மைச் சுற்று! வாழ்க்கையில் முதல் முறை. அக்காவோடு வீடியோவில் பேசினோம். அவள் அழுதாள், அத்தான் பின்னாலிருந்து "சாப்பிட்டானா, சாப்பிட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

புதன், பதின்மூன்றாம் நாள்

எழுத நேரமாகிவிட்டது. இப்போது ராத்திரி பதினொன்று.

எதிரே ஒரு பிரெஞ்சுக்காரன், இருபத்தாறு வயது. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகி, பத்து மாதம் ஆடாமல், புள்ளிகளெல்லாம் உதிர்ந்து, மறுபடி அடியிலிருந்து ஏறி வருகிறவன். இன்று உயர நாற்காலியில் நடுவர் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் கையிலிருக்கும் கருவியைத் தட்டுகிறார், அது அந்த நொடியே உலகம் முழுக்கப் போகிறது.

முதல் செட் 6-3, நம் பையன். இரண்டாவது 4-6. மூன்றாவதில் 5-4 என்று முன்னால் போய், சர்வும் அவன் கையில். முப்பதுக்குப் பதினைந்து. இன்னும் இரண்டே அடி. நான் எழுந்து நின்றுவிட்டேன். முதல் சர்வ் நெட். இரண்டாவதுக்குப் பந்தை எறிந்தான், பிடித்துவிட்டான். துண்டால் கையைத் துடைத்தான். மறுபடி எறிந்தான். பந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே. இரண்டு சர்வும் போச்சு, டபுள் ஃபால்ட். முப்பது முப்பது. அப்புறம் அந்தப் பிரெஞ்சுக்காரன் இரண்டு பந்தை மூலைக்கு மூலை அடித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. 5-5. கடைசியில் 5-7.

156 டாலர். சுமார் பதினாலாயிரம் ரூபாய். புள்ளி இல்லை.

பத்து நிமிஷத்தில் அவன் போன் அதிரத் தொடங்கியது. அவனை யாரென்றே தெரியாதவர்கள். இந்தச் சின்னப் போட்டியின் மேலும் எங்கெங்கோ பணம் கட்டுகிறார்களாம். அந்த டபுள் ஃபால்ட்டை வேண்டுமென்றே போட்டாய் என்று ஒருவன். அம்மாவைச் சேர்த்துத் திட்டி ஒருவன். கையும் காலும் உடைய வேண்டும் என்று ஒருவன். நான் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். டென்னிஸில் நேர்மையை ஆராய்ந்த தனிக் குழு 2018-இல் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது: தொழில்முறை ஆட்டக்காரர் என்று பெயருக்கு 15,000 பேர் இருக்கிறார்கள், செலவுக்கு வரவு ஈடாவது முதல் 250 முதல் 350 பேருக்குத்தான். மீதி அத்தனை பேரும் கைக்காசைப் போட்டு ஆடுகிறார்கள். அவர்கள் ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் யாருக்கோ வியாபாரம் ஆகிறது, வசவு மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு வருகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தச் செய்திகளை அக்கா பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவன் சொன்ன ஒரே வார்த்தை.

எட்டரை மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். பையன்தான் திறந்தான். அந்தப் பிரெஞ்சுக்காரன், கையில் இரண்டு ராக்கெட். நாளைக் காலை பத்து மணிக்கு அடுத்த ஆட்டம், நரம்பு கட்டுகிறவர் போய்விட்டார், மொராக்கோ பையன் சொல்லி வந்தேன் என்றான். எங்கள் பையனைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. வேண்டாம், வேறு இடம் பார்க்கிறேன் என்று திரும்பப் போனான்.

பையன் ராக்கெட்டை வாங்கிக்கொண்டான். "எவ்வளவு டென்ஷன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். இருபத்து மூன்று கிலோ என்றான் அவன். "ஐம்பத்தோரு பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தான்.

பாவு பதினாறையும் நான் இழுத்தேன். ஊடையை அவனே கோர்த்தான், மேலே ஒன்று கீழே ஒன்றாக. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி முடிச்சைப் போட்டு, நுனியை வெட்டி, நரம்பை உள்ளங்கையால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான் பையன்.

"சரியா இருக்கு மாமா. அடுத்ததை மாட்டுங்க."